பழைய இரும்புக்குப் போன சட்டி

ஜெயாவின் கூந்தல் எவ்வளவு நீளம் என்று கேட்கிறீர்களா? மலாய் நாட்டில், காஜா பேராங் பகுதியில் வீட்டு வாசலில் நின்று அவள் தலையை உதறினால், ஜாலான் பெண்டஹாராவில் துணிக்கடை வைத்திருப்பவர்கள் எல்லாம் கறுப்புப் பட்டு வந்து இறங்கியிருக்கிறது என்று கடையைப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள். ஒரு நாள் கிணற்றுக் கயிறு அறுந்தபோது அவள் பின்னலில்தான் வாளியைக் கட்டித் தண்ணீர் இறைத்தார்கள்.

சரி, கொஞ்சம் கூடிப்போயிற்று. கயிறு அறுந்தது உண்மை. பின்னலைக் கிணற்றில் விட்டது மட்டும் கற்பனை. முழங்காலைத் தொட்டது என்பதாவது நிற்கட்டுமே என்றால், இதோ பக்கத்தில் உட்கார்ந்து பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருக்கும் ஜெயாவே, "இடுப்புக்குக் கீழ ஒரு சாண், அவ்வளவுதான்" என்கிறாள். ஒரு சாண் என்றே வைத்துக்கொள்வோம். எப்படியும் இது ஜெயாவின் கதை இல்லை. அந்தக் கூந்தலைப் பயிர் வளர்ப்பதுபோல் வளர்த்தாளே அவளுடைய தாய் ருக்மணி, அவளுடைய கதை.

ருக்மணி ஆடு வளர்த்தவள். அலோர் காஜா பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, கலியாணசுந்தரத்தைக் கட்டிக்கொண்டு டவுனுக்கு வந்தாள். கலியாணசுந்தரத்துக்கு, லோங்காங் என்கிற தெருக் கால்வாய்களுக்குக் கொசு எண்ணெய் அடிக்கிற கூட்டத்தில் வேலை. முதுகில் டின்னைக் கட்டிக்கொண்டு, கையில் குழாயைப் பிடித்துக்கொண்டு, தெருத் தெருவாக நடப்பார். வீட்டுக்கு வந்தால் ருக்மணி அவரை உள்ளே விடமாட்டாள். முதலில் கிணற்றடி. உடுத்தியிருந்த காக்கிச் சட்டையைக் குச்சியால் எடுத்துத் தனி வாளியில் போடுவாள்.

"நான் என்ன செத்த எலியாடி? குச்சியால தள்ளுற?"

"எலியா இருந்தா தூக்கி லோங்காங்ல போட்டுட்டுப் போயிருவேன். சோப்ப நல்லா போட்டுத் தேயுங்க. அந்தக் கையாலதான சோத்துல கை வைக்கப்போறீங்க."

புட்டியிலும் டின்னிலும் வருகிற விஷத்துக்கு அவள் அப்படிப் பயப்படுவாள். வீட்டுக்குள் மருந்தடிக்க ஆட்கள் வந்த நாளில் அரிசிப் பானை, உப்புச் சாடி, ஆட்டின் தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் மூடிவிட்டு, மூடியின் மேல் ஈரத் துணியும் போட்டவள். தெருவில் யாருடைய கோழி செத்தாலும், "மருந்தத் தின்ன பூச்சியக் கோழி தின்னிருக்கும்" என்று காரணம் சொன்னவள். அது பல சமயம் சரியாகவும் இருந்தது.

ஆனால் மண்ணில் முளைக்கிற எதற்கும் அவள் பயந்ததில்லை. அதற்கு அவளிடம் ஒரு வழி இருந்தது. ஜப்பான்காரன் காலத்தில் அரிசி கண்ணில் படாமல் போனபோது, ஜெயா மூன்று வயதுக் குழந்தை. அப்போது ருக்மணியிடம் ஒரே ஓர் ஆடு. காலையில் அதை அவிழ்த்துவிட்டு, அதன் பின்னாலேயே புதர் புதராக நடப்பாள். ஆடு எந்தத் தழையைக் கடிக்கிறதோ அதில் ஒரு பிடி மடியில் கட்டிக்கொள்வாள். ஆடு முகர்ந்துவிட்டு நகர்ந்தால் அவளும் நகர்ந்துவிடுவாள். சிப்பாய்களிடம் அடி வாங்கியவர்கள் உண்டு. சரியாக வேகாத மரவள்ளியைத் தின்று மயங்கி விழுந்தவர்கள் உண்டு. ருக்மணி வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆட்டை நம்பியவளை ஆடு காப்பாற்றிக் கரை சேர்த்தது. அதிலிருந்து அவளுக்கு ஆடுதான் வைத்தியர், ஆடுதான் கவர்ன்மெண்டு.

அந்த ஆட்டைக் கொடுத்தவள் ஜமீலா.

ஜமீலா பின்வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரி. கணவர் யுத்தத்துக்கு முன்பே இறந்துவிட்டார். தேங்காய் எண்ணெயில் செம்பருத்தியும் கரிசலாங்கண்ணியும் வெந்தயமும் போட்டுக் காய்ச்சிப் புட்டியில் ஊற்றி விற்பாள். அவள் எண்ணெய் காய்ச்சுகிற நாளில் தெருவுக்கே தலை குளிர்ந்துவிடும். பால் மறந்த வயதில் ஜெயாவின் உச்சந்தலையில் முதன்முதலாக எண்ணெய் வைத்ததும் அவள்தான். வேலியில் ஓர் இடைவெளி விட்டிருந்தார்கள். அதன் வழியாக இந்தப் பக்கத்திலிருந்து ஆட்டுப் பாலும் அந்தப் பக்கத்திலிருந்து எண்ணெயும் போய்வரும். யார் யாருக்கு எவ்வளவு என்று இருவரும் ஒருநாளும் பார்த்ததில்லை.

ஜெயா வளர வளர, ஜமீலாவின் எண்ணெய்க்கு விளம்பரமே தேவைப்படவில்லை. கோயில் திருவிழாவில் முன்னால் ஜெயா நடந்தால், பின்னால் வருகிற பெண்கள், "இது எந்த எண்ணெய்?" என்று ருக்மணியின் தோளைத் தட்டுவார்கள். ருக்மணிக்குப் பெருமை தாங்காது. "எண்ணெய் பாதி, கை பாதி" என்பாள். கை என்றால் தன்னுடைய கை.

சுதந்திரம் வரப்போகிற வருஷத்தில் ஜெயாவுக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை சேதுபதி, ஜாலான் பெண்டஹாராவில் அவர்களுக்குத் துணிக்கடை. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாயார் முகத்தைப் பார்த்தார், பிறகு பின்னலைப் பார்த்தார், அப்புறம் பின்னலை மட்டுமே பார்த்தார். ஆவணியில் கல்யாணம், மெர்டேக்கா என்கிற சுதந்திர நாள் முடிந்த கையோடு.

டவுன் முழுக்கக் கொடி. எல்லாரும் ஏதாவது புதிதாக வாங்கினார்கள். ருக்மணியும் பாசாருக்குப் போய் முகம் பார்க்கலாம் போல் மின்னுகிற ஓர் அலுமினியச் சட்டியை வாங்கி வந்தாள். அடுப்படியில் அதுவரை அரசாண்டது ஒரு கனத்த இரும்புச் சட்டி; அவளுடைய மாமியார் கப்பலில் கொண்டு வந்தது. யுத்த காலத்துத் தழையெல்லாம் வெந்தது அதில்தான். வெளியே கரி ஏறி, உள்ளே கறுத்து, தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

பழைய இரும்பு வாங்குகிற சீனர் தள்ளுவண்டியோடு வந்தபோது அதைத் தூக்கி வண்டியில் வைத்துவிட்டாள்.

கலியாணசுந்தரம் மாலையில் வந்து அடுப்பைப் பார்த்தார். "ஏ, எங்கம்மா சட்டி எங்க?"

"போயிருச்சு."

"எங்க போச்சு? தானா நடந்தா போச்சு?"

"நாடே சுதந்திரமாவுது, நாம மட்டும் கரிச்சட்டியோட கெடக்கணுமா? சம்பந்தி வீட்டாளுங்க அடுப்படிக்கு வந்தா என்ன நெனைப்பாங்க?"

"அவங்க பொண்ணு எடுக்க வர்றாங்களா, சட்டி எடுக்க வர்றாங்களா?"

"நீங்க போயி மொதல்ல குளிங்க."

கல்யாணத்துக்கு ஜெயாவின் கூந்தல் இன்னும் மின்ன வேண்டும் என்பது ருக்மணியின் ஆசை. அவளுடைய ஆடுகளின் முதுகைத்தான் உதாரணமாக வைத்திருந்தாள். தடவினால் எண்ணெய் பூசியதுபோல் வழுக்கும். ஆடுகள் எதைத் தின்று அப்படி இருந்தன? பெத்தாய் பெலாலாங். மலாய்க்காரர்கள் வைத்த பெயர், வெட்டுக்கிளி அவரை என்பது போல; தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் சவுண்டல் என்பார்கள். வேலியோரமெல்லாம் வளர்ந்து நிற்கும், புளிய இலைபோல் சின்னச் சின்ன இலை, தட்டையான காய். யுத்த காலத்தில் அதன் கொழுந்தை இரும்புச் சட்டியில் வேகவைத்து எத்தனையோ நாள் பசியாறியிருக்கிறார்கள். ஆடு தின்றது, நாமும் தின்றோம், ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் என்ன?

தினமும் விடிந்ததும் ஒரு கூடை கொழுந்து பறிப்பாள். இளங்காயையும் உரித்துப் போடுவாள். பூண்டும் மிளகும் தட்டிப் போட்டு அலுமினியச் சட்டியில் கொதிக்க வைப்பாள். அன்றைக்கு இரும்புச் சட்டியில் வெந்தபோது சாறு கறுத்துச் சிவந்து, பார்க்கவே ஒரு மாதிரி இருக்கும். இப்போதோ பச்சை மாறவே இல்லை. ருக்மணி கரண்டியால் அள்ளி வெளிச்சத்தில் காட்டினாள்.

"பாத்தியாடி ஜெயா? சத்து அப்படியே நிக்குது. அந்தக் கரிச்சட்டி இத்தன வருசமா எல்லாத்தையும் தின்னு தீத்திருக்கு."

"பச்ச வாசன அடிக்குதும்மா."

"மூக்கப் பிடிச்சுக்கிட்டுக் குடி. ஆட்டப் பாரு, பேசுதா?"

சாறு ஜெயாவுக்கு மட்டும்தான். அடியில் நின்ற வண்டலில் ஒரு கரண்டியைத்தான் ருக்மணி சோற்றில் போட்டுக்கொள்வாள். கலியாணசுந்தரத்துக்கும் கொஞ்சம் கிடைக்கும். ஆனால் அவருக்குக் கொட்டுவதற்குத் தலையில் எதுவும் மிச்சமில்லை.

சில நாள்கள் போயின. ஒரு காலையில் ஜெயா தலை சீவினாள். சீப்போடு ஒரு கொத்து வந்தது. வலிக்கவில்லை, எரியவில்லை, சும்மா கழன்று வந்தது. மறுபடி சீவினாள். மறுபடி ஒரு கொத்து. அலறலைக் கேட்டு ருக்மணி ஓடி வந்தபோது, ஜெயாவின் மடியில் கூந்தல் நூற்கண்டைப்போல் கிடந்தது.

வேலி இடைவெளி வழியாக ஜமீலா வந்துவிட்டாள். ஜெயாவின் தலையைத் தன் நெஞ்சோடு சாய்த்துக்கொண்டு, விரலால் வகிடு பிரித்துப் பார்த்தாள்.

"யா அல்லா... பொடுகு இல்ல, புண்ணு இல்ல. வேரோட வருதே ருக்கு. காய்ச்சல் கீய்ச்சல் வந்துச்சா?"

"ஒண்ணும் வரல."

"சாப்பாட்டுல புதுசா ஏதும் குடுக்கிறியா?"

ருக்மணிக்குச் சுருக்கென்றது. "எம் பொண்ணுக்கு நான் என்ன விஷமா குடுக்கிறேன்? யுத்த காலத்துலேருந்து தின்னதத்தான் திங்கிறா."

"கோவிச்சுக்காத. கேட்டேன். இரு, புதுசா காய்ச்சின எண்ணெ இருக்கு, சூடு பண்ணித் தர்றேன்."

அந்தக் கேள்வியில் ருக்மணி ஒரு நிமிஷம் நின்று யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஜமீலா கதவைத் திறந்து காட்டினாள். ருக்மணி அவமானம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் ஜமீலாவின் பின்னாலேயே வேலியைத் தாண்டினாள். எண்ணெய் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு டின் நின்றது. அதில் வாசனை இலைக்கு வளர்க்கிற பாண்டான் செடி. டின்னின் பக்கவாட்டில், பாதி உரிந்த பெயிண்டில் ஒரு மண்டையோடு, கீழே குறுக்காக இரண்டு எலும்பு.

அந்தப் படத்தை அவள் தினமும் பார்க்கிறவள். கணவனின் முதுகில் தொங்குகிற டின்னிலும் அதுதான். மறு பக்கம் வரிசையாக எண்ணெய்ப் புட்டிகள். நடுவில் என்ன இருந்தது என்று அவள் பார்க்கவில்லை. அந்த இடைவெளியை அவளே சந்தேகத்தால் நிரப்பிக்கொண்டாள்.

"எதுல காய்ச்சுற எண்ணெய?"

"எதுல காய்ச்சுவேன், பித்தள உருளியிலதான். ஏன் ருக்கு?"

"இந்த டின்னு ஏன் இங்க இருக்கு?"

"செடிக்குத்தான். சாம்பலப் போட்டுக் கழுவி..."

"கழுவினா போயிருமா? மண்டையோட்டக் கழுவ முடியுமாடி?"

அப்புறம் நடந்ததை ருக்மணியே பிற்காலத்தில் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. புட்டிகளை முந்தானையில் வாரிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தாள். தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கிற நேரம்; பெண்கள் எல்லாரும் நின்றிருந்தார்கள். ஒவ்வொரு புட்டியாக மூடியைத் திறந்து லோங்காங்கில் கவிழ்த்தாள்.

"பாருங்கடி! கொசு மருந்து டின்னுல எண்ணெ வச்சு விக்கிறா! எம் புள்ள தலைய மொட்டையாக்கிட்டா! எல்லாரும் அவங்கவங்க தலையத் தொட்டுப் பாருங்க!"

எல்லாரும் தலையைத் தொட்டுப் பார்த்தார்கள். அதுதான் வினை. யாருக்குத்தான் தலையில் கை வைத்தால் நாலு முடி வராது? வந்த நாலு முடியை ஒருத்தி மற்றவளுக்குக் காட்டினாள்.

ஜமீலா வாசல்படியில் நின்றாள். சத்தம் போடவில்லை. "ருக்கு, உள்ள வா. நாம பேசிக்குவோம்" என்றாள், அவ்வளவுதான். அதையும் ருக்மணி மழுப்பல் என்று எடுத்துக்கொண்டாள். கால்வாயில் எண்ணெய் மிதந்து போயிற்று. அன்று முழுவதும் தெருவில் செம்பருத்தி வாசனை.

கல்யாணம் நின்றுவிடவில்லை. சேதுபதி நல்ல மனிதர். "முடியையா கட்டிக்கப்போறேன்?" என்று தாயாரிடம் சொன்னாராம். ஜெயாவுக்குச் சவுரி வைத்துப் பின்னி, பூவால் மூடி, மணவறையில் உட்கார்த்தினார்கள். தாலி கட்டுகிற நேரத்தில் சவுரி கழன்று ஐயர் மடியில் விழுந்தது என்றும், அவர் பாம்பு என்று துள்ளிக் குதித்தார் என்றும் சொல்லலாம். ஜெயா இங்கிருந்து முறைப்பதால் அதை விட்டுவிடுவோம்.

ஜெயா மாமியார் வீட்டுக்குப் போனாள். அங்கே பெத்தாய் பெலாலாங் சாறும் இல்லை, ஜமீலாவின் எண்ணெயும் இல்லை. மறு பொங்கலுக்குத் தாய் வீட்டுக்கு வந்தபோது தலை முழுக்கப் புது முடி, குட்டை குட்டையாக, அடர்த்தியாக.

"பாத்தீங்களா?" என்று ருக்மணி தெருக்குழாயில் நின்று கேட்டாள். "எண்ணெய நிறுத்தினேன், முடி வந்திருச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

சாறு, எண்ணெய் இரண்டுமே நின்றுபோயிருந்தன. அதில் ஒன்றை மட்டும் சாட்சிக் கூண்டில் ஏற்றினாள்.

ஜமீலாவிடம் எண்ணெய் வாங்க அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. சில நாள் வாசலில் புட்டிகளை அடுக்கி வைத்துப் பார்த்தாள். பிறகு உள்ளே எடுத்து வைத்தாள். ஒரு நாள் காலையில் பார்த்தால் வீடு பூட்டியிருந்தது. உஜோங் பாசிரில் அவளுடைய தங்கை சபியாவின் வீட்டுக்குப் போய்விட்டாள் என்றார்கள். உருளியை விற்றுவிட்டாள் என்றும் சொன்னார்கள். வேலி இடைவெளியில் அந்தப் பாண்டான் டின் மட்டும் நின்றது.

ருக்மணி அதைக் காலால் எத்தப் போனபோது கலியாணசுந்தரம் பின்னாலிருந்து சொன்னார்: "எத்தாத. அத நாந்தான் குடுத்தேன்."

"என்னது?"

"காலி டின்னு. செடி வைக்கக் கேட்டிச்சு, குடுத்தேன். அதுக்கும் முன்ன உனக்கும் ஒண்ணு குடுத்தேனே, ஆடு தண்ணி குடிக்க. அதத் திருப்பிப் பாரு. மண்டையோட்ட நீதான் செவுத்துப் பக்கமாத் திருப்பி வச்சிருக்க."

ருக்மணி போய்த் திருப்பிப் பார்த்தாள். சிரித்துக்கொண்டு ஒரு மண்டையோடு. வருஷக்கணக்காக அவள் ஆடுகள் அதில் தண்ணீர் குடிக்கின்றன. அந்த ஆடுகளின் பாலைத் தெருவே குடிக்கிறது.

"அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?"

"நீ வாய மூடினாத்தானே நான் தொறக்க?"

அவர் சொன்னது உண்மை. ஆனால் வாயைத் திறக்காமல் இருந்ததும் அவர்தான். டின் இல்லாவிட்டால் வேறு ஏதோ இருக்கும், எண்ணெயில்தான் கோளாறு என்று ருக்மணி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லிக்கொள்ளாவிட்டால் தூங்க முடியாது.

அந்தத் தூக்கத்தையும் கெடுத்தது பொன்னுதுரையின் முயல்கள்.

பொன்னுதுரை யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்கக் கச்சேரியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பொழுதுபோக்குக்காக வெள்ளை முயல் வளர்த்தார். ஆட்டுக்குப் பறித்ததில் மிஞ்சிய பெத்தாய் பெலாலாங் கொழுந்தை ருக்மணி அவருக்குக் கட்டுக் கட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். நல்ல எண்ணத்தில்தான். ஒரு நாள் அவரே நடந்து வந்தார், கையில் ஒரு கூடை. கூடைக்குள் இளஞ்சிவப்பாக ஏதோ நெளிந்தது.

"என்ன ஐயா இது, எலிக்குஞ்சா?"

"எலியோ! பிள்ளை, இது என்ர முயல்."

முதுகெல்லாம் முடி கொட்டி, உரித்த கோழிபோல் இருந்தது. காது மட்டும் முயல்.

"உம்மட குழையத் தவிர வேற ஒண்டும் நான் போடேல்ல. தும்பு தும்பாக் கழண்டு போச்சுது. புண்ணுமில்ல, சொறியுமில்ல. சும்மா கழண்டுது."

சும்மா கழன்றது. ருக்மணியின் காதில் ஜெயாவின் அலறல் கேட்டது. அவள் கூடையைப் பிடித்துக்கொண்டே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

பொன்னுதுரையின் மகன் ஜெயபாலன் மிருக வைத்திய இலாகாவில் வேலை செய்தான். அந்த வாரம் வீட்டுக்கு வந்தபோது ருக்மணி வலியப் போய்க் கேட்டாள். அவன் முயலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இலையைக் கசக்கி முகர்ந்தான்.

"ஓம், இந்தக் குழையில ஒரு சத்து இருக்குது. உடம்புக்குள்ள போனால் முடி வளருற வேலைய நிப்பாட்டிப் போடும். குதிரை திண்டால் வாலும் பிடரியும் கொட்டும். முயலுக்குக் கொட்டும். மனுசருக்கும் கொட்டும்."

"ஆட்டுக்கு?"

"இந்த ஊர் ஆட்டுக்கு ஒண்டும் செய்யிறேல்ல. ஏனெண்டு எங்களுக்கும் விளங்கேல்ல."

அந்தக் காரணம் விளங்கப் படித்தவர்களுக்கே பிறகு பல வருஷம் பிடித்தது. இந்த மரம் காலங்காலமாக வளருகிற ஊர்களில், ஆட்டின் வயிற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் குடியிருக்கின்றனவாம். விஷம் ரத்தத்தில் ஏறும் முன்னாலேயே அதைத் துண்டு துண்டாக்கித் தின்றுவிடுகின்றனவாம். அந்தப் பூச்சி இல்லாத ஊர் ஆட்டுக்கு இதே தழையைப் போட்டால் அதற்கும் முடி கொட்டும். ருக்மணி இத்தனை காலம் நம்பியது ஆட்டின் புத்தியை அல்ல. அதன் வயிற்றுக்குள் குடியிருந்தவர்களை. அந்தக் குடித்தனம் ஜெயாவின் வயிற்றில் இல்லை.

ருக்மணி விடவில்லை. "யுத்த காலத்துல நாங்க தின்னோமே தம்பி! ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவலையே!"

"என்ன சட்டியில சமைச்சனீங்கள்?"

"இரும்புச் சட்டியில" என்றாள்.

"இரும்பெண்டால் சரி. கொதிக்கேக்க இரும்பு அந்தச் சத்தைப் பிடிச்சு வச்சிருக்கும். முழுக்க எண்டு சொல்லேலாது. பெரும்பங்கு உடம்பில ஏறாது. சாறு கறுத்துச் சிவந்து போகும், பாக்க அரியண்டமா இருக்கும். அதுதான் அடையாளம்."

பச்சை மாறாத சாற்றைக் கரண்டியில் அள்ளி வெளிச்சத்தில் காட்டிய கை ருக்மணியின் மடியில் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப எண்ணெ?" என்றாள் கடைசியில். "எண்ணெயில ஒண்ணும் இல்லையா?"

"என்ன எண்ணெ?" என்றான் ஜெயபாலன். அவனுக்கு ஒன்றும் தெரியாது. பொன்னுதுரைக்குத் தெரியும். அவர் முயலை மெதுவாகக் கூடைக்குள் வைத்துத் துணியால் மூடினார்.

"பிள்ளை, றோட்டில நிண்டு சொன்னதை றோட்டில நிண்டுதான் எடுக்க வேணும்" என்றார்.

மறுநாளே ருக்மணி தெருக்குழாயில் நின்று சொன்னாள். "ஜமீலா எண்ணெயில ஒண்ணுமில்லடி. நான் குடுத்த தழைதான் காரணம்." வரிசையில் நின்ற பெண்கள் குடத்தை மாற்றி மாற்றி வைத்தார்கள். ஒருத்தி, "எந்த ஜமீலா?" என்றாள். இன்னொருத்தி, "இருந்தாலும் அந்த டின்னு இருந்துச்சுல்ல?" என்றாள். முன்பு சொன்னபோது ஒரு வேளைக்குள் டவுன் முழுக்கப் பரவிய பேச்சு, இப்போது குழாயடியைத் தாண்டிப் போக மறுத்தது. தண்ணீர் நிரம்பியது, அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

அதற்குப் பிறகு ருக்மணி பழைய இரும்புக் கடைகளாக ஏறி இறங்கினாள். அந்தச் சட்டியைத் தேடித்தான். "உருக்கிக் கப்பலாக்கியிருப்பாங்க" என்று கலியாணசுந்தரம் சொன்னார், கேலியாகச் சொல்லவில்லை. வீட்டில் பெத்தாய் பெலாலாங் அதோடு நின்றது. வேறு கீரை சமைத்தாலும் முதல் கரண்டியை அவளே சாப்பிட்டுவிட்டு, மறுநாள் காலையில் தன் தலையில் சீப்பை வைத்துப் பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்குப் போடுவாள். தலைக்கு எண்ணெய் வைப்பதை நிறுத்திவிட்டாள். யார் எந்த எண்ணெய் கொடுத்தாலும் வேண்டாம் என்பாள். கடைசி வரைக்கும் அவள் தலை வறண்டு, பரட்டையாகத்தான் இருந்தது. ஆட்டுப் பாலில் தினமும் ஒரு குவளை தனியாக எடுத்து வைப்பாள். சாயங்காலம் அதை யாராவது குழந்தைக்குக் கொடுத்துவிடுவாள். அது வேலிக்கு அந்தப் பக்கம் போக வேண்டிய குவளை.

உஜோங் பாசிருக்கு ஏன் உடனே போகவில்லை? நாளை, நாளை என்றாள். கையை வீசிக்கொண்டு எப்படிப் போவது என்றாள். ஜெயா முதல் குழந்தை உண்டாகித் தாய் வீட்டுக்கு வந்திருந்தபோது, ஒரு நாள் பாசாரில் ருக்மணி ஒரு பித்தளை உருளியைப் பார்த்தாள். ஜமீலாவினுடையதைப்போலவே இருந்தது. வாங்கிக்கொண்டு, ஜெயாவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

உஜோங் பாசிர், கடற்கரைப் பக்கம். சந்தின் கோடியில் சபியாவின் வீடு. ஜமீலா வாசலில் உட்கார்ந்திருந்தாள். ருக்மணி தெருவில் நின்றபடியே, அக்கம்பக்கத்தார் கேட்கிற மாதிரி, "எல்லாரும் கேளுங்க! இவ எண்ணெயில ஒரு குத்தமும் இல்ல! எம் புத்தியிலதான் விஷம்!" என்று கத்தினாள். மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். ஜமீலா எழுந்து வந்தாள். உருளியை வாங்கினாள். "அடிப் பைத்தியமே, உள்ள வான்னு அன்னைக்கே கூப்பிட்டேனேடி" என்றாள். ருக்மணியின் பரட்டைத் தலையைப் பார்த்து, உள்ளே போய் எண்ணெய்ப் புட்டியைக் கொண்டுவந்து, அவள் உச்சியில் ஒரு கை எண்ணெய் வைத்துத் தேய்த்தாள். இரண்டு பேரும் அழுத கண்ணீரில் அன்றைக்குக் கடல் ஒரு சாண் ஏறிற்று...

"இல்ல" என்றாள் ஜெயா.

பயற்றங்காயை நறுக்குவதை நிறுத்தியிருந்தாள். அவளுடைய நரைத்த பின்னல் தோளுக்கு முன்னால் விழுந்து கிடந்தது.

"கடலக் கூட்டிச் சொல்லுங்க, பரவால்ல. ஆனா அது நடக்கல. நான் கூடத்தான இருந்தேன்? சந்து மொனையிலயே அம்மா நின்னுட்டாங்க. ஜமீலா மாமி வாசல்ல உக்காந்து யாரோ ஒரு சின்னப் புள்ளைக்குத் தல சீவிக்கிட்டு இருந்தாங்க. எங்களப் பாத்துட்டாங்க. எந்திரிச்சு உள்ள போயி ஸ்டூல் ஒண்ண எடுத்துட்டு வந்து வாசல்ல போட்டாங்க. அப்புறம் திரும்பப் போயி இன்னொண்ணும் எடுத்துட்டு வந்து போட்டாங்க, நான் மாசமா இருந்தேன்ல. அம்மா அந்த ரெண்டு ஸ்டூலையும் பாத்துக்கிட்டே நின்னாங்க. 'பஸ் போயிரும், வா'ன்னு என் கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டுத் திரும்பிட்டாங்க. அந்த உருளிதான் இது."

அடுப்பில் இருந்த உருளியைக் காட்டிவிட்டு, ஜெயா மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.